திடப்படுத்தல் பெற்ற பிள்ளைகளுக்கு

பிள்ளைகளே, பேராயர் உங்கள் தலைமேல் கைவைத்து ஜெபித்துவிட்டார். இனி நீங்களும் திருவிருந்துக்கு வருவீர்கள். ஞாயிறு அறிக்கையிடும் விசுவாசம் மற்ற ஆறு நாளும் அயலாருக்கு உதவ வேண்டும். அதற்குச் சில வார்த்தைகள் சொல்கிறேன்.

1. வீட்டில் தொடங்குங்கள். அம்மா தூக்கி வரும் தண்ணீர்க் குடத்தை முதலில் வாங்குங்கள். படுக்கையில் கிடக்கும் பாட்டிக்குச் சோறு ஊட்டுங்கள். வீட்டாரிடம் எரிந்து விழுந்துவிட்டு ஊருக்குக் காட்டும் அன்பு நிலைக்காது.

2. கொஞ்சமானாலும் தவறாமல் கொடுங்கள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து, அதைக் கோவிலுக்குக் கொண்டுவருவது நம் திருநெல்வேலிச் சீமைப் பாட்டிமார் வழக்கம். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தை நம்மவர்கள் தொடங்கியபோது, நம் மக்களின் காணிக்கையாலேயே ஊழியம் நடக்கவேண்டும் என்று தீர்மானித்தார்கள். கையில் நிறையச் சேரட்டும் என்று காத்திருந்தால் கொடுக்கும் நாள் வராது.

3. தெரிந்த வேலையைக் காணிக்கையாக்குங்கள். யோப்பாவில் இருந்த தொற்காளுக்குத் தைக்கத் தெரியும். அவள் இறந்தபோது விதவைகள் அழுதுகொண்டே பேதுருவிடம் காட்டியது அவள் தைத்துக் கொடுத்த உடைகளைத்தான். கணக்கு வருமானால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். எழுதத் தெரியாத தாத்தாவுக்கு முதியோர் உதவித்தொகை மனுவை எழுதிக் கொடுங்கள்.

4. பாதியில் விடாதீர்கள். நல்ல சமாரியன் காயம் கட்டி, சத்திரத்தில் சேர்த்து, உடனிருந்து பார்த்தான். மறுநாள் இரண்டு பணம் கொடுத்து, மேற்கொண்டு ஆகும் செலவையும் ஏற்றுக்கொண்டான். ஒருவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் ஓ.பி. சீட்டு வாங்கிக் கொடுங்கள். மருந்து வாங்கும்வரை கூட நில்லுங்கள். மறுவாரம் வீட்டுக்குப் போய் விசாரியுங்கள்.

5. போட்டோ எடுக்காதீர்கள். அரிசிப் பையை வாங்கும் தாயின் முகம் வாட்ஸ்அப்பில் சுற்றினால், அவள் பிள்ளை பள்ளிக்கூடத்தில் தலைகுனிய நேரும். இடதுகை அறியாமல் கொடுக்கும்படி ஆண்டவர் சொன்னது ஏழையின் மானத்தையும் காக்கும்.

6. வாங்கவும் பழகுங்கள். யூதர் புழங்காத சமாரியப் பெண்ணிடம் இயேசு தண்ணீர் கேட்டார். நீங்கள் உதவிய வீட்டில் உட்கார்ந்து, அவர்கள் தரும் காப்பியைக் குடியுங்கள். அசனத்தில் ஒரே பந்தியில் சாப்பிடுகிற நாம் தெருவிலும் அப்படியே இருக்கவேண்டும். சாதி பார்த்து நின்றுபோகும் இரக்கம் கிறிஸ்துவினுடையது ஆகாது.

7. நிபந்தனை போடாதீர்கள். சுகமான பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன்தான் நன்றி சொல்லத் திரும்பினான். வராத ஒன்பது பேரின் சுகத்தை இயேசு பறித்துக்கொள்ளவில்லை. ஜெபக்கூட்டத்துக்கு வந்தால்தான் உதவி என்று ஒருநாளும் சொல்லாதீர்கள். ஏன் செய்கிறாய் என்று அவர்களே கேட்டால் மட்டும் இயேசுவின் பெயரைத் தயங்காமல் சொல்லுங்கள்.

8. ஒருவரிலிருந்து தொடங்குங்கள். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒரே கட்டிலோடு வைத்தியசாலை தொடங்கினார். அதுதான் இன்றைய சி.எம்.சி. ஆஸ்பத்திரியாக வளர்ந்திருக்கிறது. ஊர்ப்பாரம் முழுவதையும் ஒரே நாளில் சுமந்தால் சோர்ந்துபோவீர்கள். இந்த வாரம் ஒரு வீட்டைத் தெரிந்துகொண்டு, சீஷர்களைப் போல இரண்டிரண்டு பேராகப் போங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அங்கே என்ன குறை என்று என்னிடம் வந்து சொல்லுங்கள். உங்களால் ஆகாததைச் சபையாகச் சேர்ந்து செய்வோம்.