பழைய காருக்குச் செலவு செய்யலாமா?

கர்நாடகத்தில் கோலார் தங்கவயல் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே தமிழ் பேசும் மக்கள் நிறைய உண்டு. தங்கச் சுரங்க வேலைக்காக அவர்களுடைய முன்னோர் அங்கே போனார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. இப்போது பலர் பெங்களூருக்கு ரயிலில் போய் வேலை செய்கிறார்கள். சிலர் ஊரிலேயே ஏதோ ஒரு தொழில் செய்கிறார்கள்.

அந்த ஊரில் ஒரு குடும்பம். அக்கா வீட்டில் துணி தைக்கிறாள். தம்பி ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கடையில் வேலை பார்க்கிறான். அவர்களுடைய அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ் செய்ய வேண்டும். ஊரில் இடம் கிடைக்கவில்லை. கோலாரில்தான் கிடைத்தது. போக 30 கிலோமீட்டர், வர 30 கிலோமீட்டர்.

வீட்டில் ஒரு மாருதி 800 கார் இருக்கிறது. 2009ஆம் ஆண்டில் பதிவான வண்டி. அப்பா இருந்த காலத்தில் பழைய வண்டியாக வாங்கினார். இந்த வகைக் கார் 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. 2014 ஜனவரியில் இதன் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனால் லட்சக்கணக்கில் விற்ற வண்டி. அதனால் உதிரிப் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன.

தம்பி இந்தக் காரில்தான் அம்மாவைக் கூட்டிப் போகிறான். அந்த வேலை நேரத்துக்கு ஈடாக ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகிறான்.

ஒரு மழைக்காலத்தில் கார் தொல்லை கொடுக்க ஆரம்பித்தது. காலையில் சாவியைத் திருப்பினால் ‘டிக், டிக்’ என்று சத்தம் மட்டும் வரும். தள்ளினால் கிளம்பும். இரவில் முன் விளக்கு மங்கும். ஒரு நாள் விளக்கு சுவிட்சில் இருந்து ரப்பர் கருகும் வாடை வந்தது. ஒரு முறை டயாலிசிஸ் முடிந்து திரும்பும் வழியில் வண்டி நின்றுவிட்டது. அம்மா சாலையோரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

தம்பி வண்டியை ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனான். அங்கே பானெட்டைத் திறந்து பார்த்தார்கள். “வயரிங் பூராவும் போச்சு. வயரிங், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், பேட்டரி எல்லாம் மாத்தணும். 32,000 ரூபாய் ஆகும்” என்றார்கள். வண்டியை விற்றாலே 45,000தான் கிடைக்கும்.

வீட்டில் சீட்டு எடுத்த பணம் 35,000 இருந்தது. அக்கா புதுத் தையல் மிஷின் வாங்க வைத்திருந்த பணம் அது.

“அக்கா, வேற வழியில்லை. இந்தப் பணத்துல எல்லாத்தையும் மாத்திடலாம்” என்றான் தம்பி.

“காயலான் கடைக்குப் போடுங்க” என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

அக்கா இரண்டுக்கும் சரி என்று சொல்லவில்லை. “எது கெட்டிருக்குன்னு அவங்க எப்படிக் கண்டுபிடிச்சாங்க? மீட்டர் வெச்சுப் பார்த்தாங்களா?” என்று கேட்டாள்.

தம்பி யோசித்தான். “இல்லை அக்கா. கண்ணால பார்த்துத்தான் சொன்னாங்க.”

பழைய காரின் மின்சார வேலையில் பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பழுது எங்கே என்று தெரியாமலே பாகங்களை மாற்றுவார்கள். ஒன்றை மாற்றியும் சரியாகாது. அடுத்ததை மாற்றுவார்கள். கடைசியில் ஒரு சிறிய வயரில் பழுது இருக்கும்.

காரில் மின்சாரம் எப்படி ஓடுகிறது?

வீட்டுத் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். மேலே தொட்டி இருக்கிறது. அதை நிரப்ப மோட்டார் இருக்கிறது. தண்ணீர் வரக் குழாய் இருக்கிறது. காரில் பேட்டரிதான் தொட்டி. ஆல்டர்னேட்டர்தான் மோட்டார். எஞ்சின் ஓடும்போது அது மின்சாரம் தயாரித்துப் பேட்டரியை நிரப்பும். வயர்கள்தான் குழாய்கள். தொட்டி காலியாக இருந்தால் மூன்று காரணம் இருக்கலாம். தொட்டி ஓட்டையாக இருக்கலாம். மோட்டார் ஓடாமல் இருக்கலாம். குழாய் அடைத்திருக்கலாம். எது என்று பார்க்காமல் மூன்றையும் மாற்றுவார்களா?

ஆண்டர்சன்பேட்டையில் ஒரு சின்ன ஷெட் இருக்கிறது. அங்கே ஒரு பெரியவர் கார் எலக்ட்ரிக் வேலை மட்டும் செய்கிறார். சோதனைக்கு 300 ரூபாய் வாங்குவார். அக்காவும் தம்பியும் வண்டியை அங்கே கொண்டு போனார்கள்.

பெரியவர் மல்டிமீட்டரை எடுத்தார். அது வோல்ட் அளக்கும் கருவி. நிறைந்த பேட்டரி, வண்டி ஓடாதபோது 12.6 வோல்ட் அளவு காட்டும். 12.2 காட்டினால் பாதிதான் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது சுமார் 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். இந்த வண்டியில் எஞ்சினை ஓடவிட்டும் 12.3தான் காட்டியது.

“ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ணலை. ஆனா அதைப் புதுசா மாத்த வேண்டியதில்லம்மா” என்றார் பெரியவர். கழற்றிக் காட்டினார். உள்ளே கார்பன் பிரஷ் என்று இரண்டு சின்னக் கட்டைகள் இருக்கும். அவை தேய்ந்து போயிருந்தன. பேரிங்கும் சத்தம் போட்டது. இரண்டையும் தனியாக மாற்றலாம்.

அடுத்து ஒரு தடித்த கேபிளை எடுத்தார். பேட்டரியின் மைனஸ் முனையையும் எஞ்சினையும் அதனால் நேராக இணைத்தார். சாவியைத் திருப்பச் சொன்னார். ஸ்டார்ட்டர் வேகமாகச் சுற்றியது! அப்படியானால் ஸ்டார்ட்டர் நன்றாக இருக்கிறது. எஞ்சினுக்குப் போகும் எர்த் வயர்தான் துருப்பிடித்திருந்தது. அதன் விலை 300 ரூபாய்.

பேட்டரியை இரவு முழுவதும் சார்ஜில் போட்டார். மறுநாள் அது 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. வாங்கி ஐந்து வருடம் ஆகிவிட்டது. அதை மாற்றத்தான் வேண்டும்.

கருகிய வாடை எங்கிருந்து வந்தது? யாரோ முன் விளக்கில் 100 வாட் பல்பு போட்டிருந்தார்கள். அங்கே 60 வாட் பல்புதான் இருக்க வேண்டும். இரண்டு விளக்குக்கும் சேர்த்து 10 ஆம்பியர் போக வேண்டிய வயரில் ஏறக்குறைய 17 ஆம்பியர் போயிருக்கிறது. வயர் சூடாகி உருகிவிட்டது. ஃபியூஸ் அடிக்கடி போனதால் 15 ஆம்பியர் நீல ஃபியூசை எடுத்துவிட்டு 30 ஆம்பியர் பச்சை ஃபியூஸ் போட்டிருந்தார்கள். இது மிகவும் ஆபத்து. ஃபியூஸ் காவல்காரன் மாதிரி. காவல்காரனைத் தூங்க வைத்தால் கார் தீப்பிடிக்கும்.

இன்னொன்றும் பெரியவர் சொன்னார். ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்கச் சிலர் எஞ்சின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றுவார்கள். அப்படிச் செய்யவே கூடாது. மின்சாரம் திடீரென்று எகிறும். எஞ்சினை இயக்கும் இ.சி.எம். பெட்டி கெட்டுவிடும்.

பெரியவர் செலவைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். ஆல்டர்னேட்டர் வேலை 1,800. எர்த் வயர் 300. பேட்டரி 3,800. விளக்கு வயரும் ரிலேயும் 1,500. கூலி 1,000. மொத்தம் 8,400 ரூபாய். கழற்றிய பழைய பாகங்களைக் கையில் தருவதாகவும் சொன்னார். நல்ல வேலைக்காரர்கள் இதற்குத் தயங்க மாட்டார்கள்.

தம்பிக்குச் சந்தோஷம். “உடனே செய்யுங்க ஐயா” என்றான்.

“இரு தம்பி. முதல்ல தரையைப் பார்க்கணும்” என்றார் பெரியவர்.

அவர் காரின் மிதியடியைத் தூக்கினார். ஸ்க்ரூ டிரைவரால் தரைத் தகட்டைக் குத்திப் பார்த்தார். வண்டியின் அடியிலும் பார்த்தார். தகடு முழுதும் துரு தின்ற வண்டிக்கு எலக்ட்ரிக் வேலை செய்வது வீண். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியும் அப்படித்தான். அதில் வயருக்குள்ளேயே பச்சை பூத்துவிடும். ஒரு இடத்தைச் சரி செய்தால் இன்னொரு இடத்தில் விட்டுப் போகும். இந்தக் காரில் ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில் மட்டும் ஒரு ஓட்டை இருந்தது. தகடு வைத்து வெல்டிங் செய்ய 2,000 ரூபாய். ஆக மொத்தம் 10,400.

அக்கா வீட்டுக்கு வந்து கணக்கு நோட்டை எடுத்தாள். முதியோர் கல்வி வகுப்பில் எழுதப் படித்த நாளில் இருந்து அவள் செலவு எழுதுகிறாள். போன வருடம் ஆயில், டயர், இன்சூரன்ஸ், சில்லறை வேலை எல்லாம் சேர்த்துக் காருக்கு 14,400 ஆகியிருந்தது. அதாவது மாதம் 1,200. மாதத்துக்கு 9 முறை கோலார் போகிறார்கள். ஒரு முறைக்குப் பெட்ரோல் 400. மாதம் 3,600.

“இந்த வேலை செஞ்சா எத்தனை மாசம் ஓடும்?” என்று அவள் பெரியவரிடம் கேட்டிருந்தாள். இரண்டு வருடம் ஓடும் என்று அவர் சொல்லியிருந்தார். 10,400ஐ 24 மாதத்துக்குப் பங்கு போட்டால் மாதம் 433. எல்லாம் சேர்த்து மாதம் 5,233 ரூபாய்.

வாடகைக் கார் என்றால்? போய்வர 1,200. மாதம் 10,800.

பஸ்ஸில் போனால்? 2023 ஜூன் முதல் கர்நாடகத்தில் பெண்களுக்கு அரசின் சாதாரண பஸ்ஸில் கட்டணம் இல்லை. போகும்போது பஸ்ஸில் போகலாம். ஆனால் டயாலிசிஸ் முடிந்ததும் அம்மாவுக்குத் தலை சுற்றும். திரும்பி வர வாடகை வண்டி வேண்டும். அதற்கு ஒரு முறைக்கு 700. மாதம் 6,300. கூடவே அக்காவின் அரை நாள் தையல் போகும்.

ஒர்க்‌ஷாப் சொன்ன 32,000 செலவு செய்தால்? தரை வேலையோடு 34,000. 24 மாதம் ஓடினால் மாதம் 6,217 ஆகும். பஸ்ஸில் போவதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. கையில் இருந்த சீட்டுப் பணம் மட்டும் போய்விடும். அவ்வளவு செலவு செய்த பிறகு நாலு மாதத்தில் எஞ்சின் போய்விட்டால்? மாதம் 13,300 ஆகிவிடும். வாடகைக் காரைவிட அதிகம்!

“வண்டி 45,000தான் போகும், அதுக்குப் போய் செலவா-ன்னு எல்லாரும் கேக்கறாங்க” என்றான் தம்பி.

“நாம விக்கப் போறோமா? அம்மாவைக் கூட்டிப் போகத்தானே வெச்சிருக்கோம். அது எத்தனை மாசம் ஓடும்னுதான் பார்க்கணும்” என்றாள் அக்கா.

வண்டியின் காகிதங்களையும் பார்த்தாள். சொந்தக் காரின் பதிவு 15 வருடம் செல்லும். பிறகு வண்டியைச் சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இந்தக் கட்டணம் 5,000 ரூபாய் ஆனது. 2024இல் இவர்கள் அதைக் கட்டியிருந்தார்கள். 2029 வரை கவலை இல்லை. பதிவு முடியும் நேரத்தில் இருந்தால் அந்தப் பணத்தையும் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும். டில்லி போன்ற சில இடங்களில் பழைய வண்டிக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. அதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அக்கா 10,400 ரூபாயை எடுத்துக் கொடுத்தாள். மீதியைத் தனியாக வைத்தாள். நோட்டில் ஒரு வரி எழுதித் தம்பியிடம் காட்டினாள். ‘இரண்டு வருடத்துக்குள் எஞ்சினோ இ.சி.எம். பெட்டியோ போனால் செலவு செய்யக் கூடாது. விற்றுவிட வேண்டும்.’ தம்பிக்கு அது பிடிக்கவில்லை. அப்பா வாங்கிய கார் அது. இருந்தாலும் அந்த வரிக்குக் கீழே அவனும் கையெழுத்துப் போட்டான்.

(இந்தப் பாடத்தில் உள்ள வேலைச் செலவுகளும் வாடகையும் உதாரணத்துக்குத்தான். ஊருக்கு ஊர் மாறும்.)

கணக்குப் போடுங்கள்

1. ஒருவரின் பழைய காருக்கு 18,000 ரூபாய் செலவு ஆகும். வேலைக்குப் பிறகு 12 மாதம் ஓடும் என்கிறார் மெக்கானிக். மாதத்துக்கு எவ்வளவு ஆகிறது? ஆறு மாதத்தில் நின்றுவிட்டால் எவ்வளவு?

2. எஞ்சின் ஓடும்போது மீட்டர் 14.1 வோல்ட் காட்டுகிறது. ஆனால் காலையில் வண்டி கிளம்பவில்லை. ஆல்டர்னேட்டரை மாற்ற வேண்டுமா? முதலில் எதைச் சோதிப்பீர்கள்?

3. உங்கள் வீட்டில் பம்பு செட்டோ, மிக்சியோ, தையல் மிஷினோ பழுதாகி இருக்கிறதா? அதைச் சரி செய்ய எவ்வளவு கேட்டார்கள்? என்ன சோதனை செய்து சொன்னார்கள்? வகுப்பில் சொல்லுங்கள்.