கண்ணுக்குக் கேட்கும் கட்டடம்



இராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் வரை கன்டெய்னர் லாரிகளும் தொழிற்சாலைகளும் எழுப்பும் இரைச்சலின் நடுவே ஆயிரக்கணக்கானோர் வேலை செய்கிறார்கள். இரைச்சலால் உண்டாகும் காதுகேளாமை, சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய நோய்களில் ஒன்று. இவ்விதம் செவித்திறனை இழந்தவர்களும், பிறவியிலேயே காதுகேளாதவர்களும் மருத்துவமனைக்கு வரும்போது என்ன நேரிடுகிறது? பெயர் சொல்லி அழைக்கும் குரல் அவர்களுக்கு எட்டுவதில்லை. முறை தவறிப்போகிறது. தீ விபத்து மணி அடித்தால், உயிருக்கே ஆபத்து.

இதற்குக் கட்டடமே உதவ முடியும். அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில், காதுகேளாதோருக்கென 1864-இல் கல்லூரியாக ஏற்பட்ட காலடெட் பல்கலைக்கழகத்தில், ஹான்சல் பாமன் என்ற கட்டடக்கலைஞர் 2005-இல் இந்த ஆய்வைத் தொடங்கினார். காதுகேளாதோரின் அனுபவத்தையே ஆதாரமாகக் கொண்டு, 150-க்கும் மேற்பட்ட வடிவமைப்புக் கூறுகள் அங்கே தொகுக்கப்பட்டன. அவற்றின் சாரம் ஒன்றே: காது செய்யும் வேலையைக் கண் செய்ய இடம்கொடுங்கள்.

நாம் கற்றுக்கொள்ளத்தக்கவை:

1. வெளிச்சம்: மருத்துவரின் முதுகுக்குப் பின்னே ஜன்னல் இருந்தால் அவர் முகம் இருண்டுவிடும், உதட்டசைவு தெரியாது. மின்விசிறிக்கு மேலே விளக்கைப் பொருத்தினால் சிறகுகளின் நிழல் ஆடிக் கண்ணை உறுத்தும்.

2. நிறம்: நீலம் அல்லது பச்சைச் சுவருக்கு முன் சைகை செய்யும் கைகள் தெளிவாய்த் தெரியும்.

3. இருக்கை: வரிசையாக அல்ல, அரைவட்டமாக. அப்போது எல்லாருடைய முகமும் எல்லாருக்கும் தெரியும்.

4. நடைவழி: இருவர் சைகையில் பேசிக்கொண்டே நடக்குமளவு அகலம் வேண்டும். கண் எதிரிலிருப்பவர்மேல் இருப்பதால், திருப்பங்களில் கூர்மையான மூலைகள் ஆகா.

5. ஓசை: வெறும் சுவரும் டைல்ஸ் தரையும் எதிரொலியைக் கூட்டி, காதுகேட்கும் கருவி அணிந்தோரை வருத்தும். திரைச்சீலைகள் அதைக் குறைக்கும்.

6. அறிவிப்பு: டோக்கன் எண் பலகையில் தெரியட்டும். அபாய மணியோடு மின்னும் விளக்கும் வேண்டும். தனித்திருக்கும் கழிப்பறையில் அது மிக அவசியம்.

பொதுக் கட்டடங்களை மாற்றுத்திறனாளிகள் தடையின்றிப் பயன்படுத்த வழிசெய்ய வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டுச் சட்டம். நாமோ சாய்தளம் ஒன்றை அமைத்ததும் கடமை முடிந்ததென்று நினைத்துவிடுகிறோம்.

மேற்சொன்னவற்றில் பல, வரைபடம் போடும்போதே யோசித்தால் அதிகச் செலவு வைக்காதவை. கட்டிமுடித்தபின் சுவரை இடிப்பதே செலவு. உங்கள் சபையில் மண்டபமோ பள்ளியோ கட்டத் திட்டமிடும்போது, காதுகேளாத ஒருவரையும் கட்டடக் குழுவில் அமர்த்தி, அவரிடம் முதலில் கேளுங்கள்.