பாலக்காட்டுக் கணவாயும் மலைப்பறவைகளும்

ஒரு குலத்துப் பிராணிகள் பல இனங்களாகப் பிரிந்து பல இடங்களிற் பரவியிருத்தற்குக் காரணம் யாது? இவ்வினாவிற்கு விடை தேடி நாம் கடல்கடந்த தீவுகளுக்குச் செல்லவேண்டுவதில்லை. நம் மேற்குத்தொடர்ச்சி மலையே தக்க சான்று தருகின்றது.

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டிற்கு இரயிலிற் செல்வோர், மலைத்தொடர் அறுபட்டு, வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் விலகி நிற்றலைக் காண்பர். இவ்விடைவெளியே பாலக்காட்டுக் கணவாய். இதன் அகலம் 30 முதல் 40 கிலோமீட்டர். நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டரும், தெற்கேயுள்ள ஆனைமுடி 2,695 மீட்டரும் உயர்ந்தவை; கணவாயின் தரையோ சராசரி 140 மீட்டர் உயரமே உடையது.

காகமும் மைனாவும் இக்கணவாயைத் தடையென்று கருதுவதில்லை. அவற்றிற்கு வெயிலும் வயலும் பழகியவை. சோலைக்கிளி என்னும் சிறு பறவையின் நிலை வேறு. கிளியென்னும் பெயர் பெற்றிருப்பினும் இது கிளியினத்தைச் சேர்ந்ததன்று, ஈப்பிடிப்பான்களின் உறவினது. குளிர்ந்த மலைச்சோலைகளின் நிழலில், தரையை ஒட்டிப் புழு பூச்சிகளைத் தேடித் திரிவது. வெப்பமிக்க சமவெளியில் இதற்கு உணவுமில்லை, உறையுளுமில்லை. ஆகவே சிறகிருந்தும் கணவாயைக் கடவாது நின்றது.

இவ்வாறு பிரிந்த இரு கூட்டங்களும் தம்முட் கலவாமையால், ஒன்றில் தோன்றிய சிறு மாறுதல் மற்றதனைச் சேரவில்லை. தலைமுறைதோறும் மாறுதல்கள் திரண்டு, நெடுங்காலத்தில் இனங்களே வேறாயின. இன்று வடக்கேயுள்ள நீலகிரிச் சோலைக்கிளியின் விலாப்புறம் செம்பழுப்பு நிறமாயிருக்கும். தெற்கேயுள்ள வெண்வயிற்றுச் சோலைக்கிளிக்கு அந்நிறமில்லை.

சிலப்பன் என்னும் பறவைக்குலமும் இங்ஙனமே நான்காயிற்று. வயநாட்டுப் பாணாசுர மலைப் பக்கத்தில் ஒன்று, நீலகிரியில் ஒன்று, கணவாய்க்குத் தெற்கே பழனி, ஆனைமலைப் பகுதிகளில் ஒன்று, செங்கோட்டைக் கணவாய்க்கும் அப்பால், அகத்தியமலைப் பக்கத்தில் ஒன்று. இவ்விரு குலங்களும் வேறெங்கும் காணப்படாத தனிக்குலங்கள் என்பதனை மரபணு ஆராய்ச்சி 2017-ஆம் ஆண்டில் நிலைநாட்டிற்று.

இதனால் நாம் அறிவது ஒன்றுண்டு. தடையென்பது நிலத்தின் அளவினால் மட்டும் அமைவதன்று. அதனைக் கடக்கவேண்டிய உயிரின் வாழ்க்கை முறையினாலும் அமைவது.

பிரிவினால் இனங்கள் பெருகுமாயின், நாம் காடுகளை அழித்துப் புதிய இடைவெளிகளை உண்டாக்குதலும் நன்மையே அன்றோ என்று ஒருவர் வினவலாம். அன்று. கணவாயின் இருபுறத்தும் பரந்த சோலைகள் இருந்தன. மாறுதற்கு எண்ணிறந்த தலைமுறைகளும் கிடைத்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் தேயிலைக்கும், தைலமரத்திற்கும், சீகை மரத்திற்கும் இடந்தந்து சுருங்கிய சோலைகளிலோ பறவைகள் சிறு சிறு கூட்டங்களாய் எஞ்சுகின்றன. சிறுகூட்டம் புதிய இனமாவதற்கு முன்னரே, ஒரு நோயினாலோ தீயினாலோ அழிந்துபோதல் எளிது. அழிந்த மலைக்கு அடுத்த மலையிலிருந்து குடியேறுவாரும் இரார், வழியிடையே நிழலில்லையன்றோ?

ஆதலின், ஒரு மலையிற் பறவை குறைந்தால் வேறு மலையில் உள்ளதேயென்று நாம் ஆறுதல் கொள்ளலாகாது. அங்குள்ளது வேறு பறவை. நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ செல்லும் மாணவர்கள், ஓடைக்கரையில் எஞ்சிநிற்கும் சிறு சோலையையும் இவ்வறிவோடு நோக்குவாராக.