ரசிகர் குழுவில் வரும் அந்நியர்: பெற்றோரும் பிள்ளைகளும் அறிய வேண்டியவை



அண்மையில் ஒரு தாய் நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தார். அவர் அனுமதியுடன், அடையாளம் எதுவும் சொல்லாமல் இதை எழுதுகிறேன். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் அவர் மகள், ஒரு கொரியப் பாடகர் குழுவை ரசிப்பவர்களின் டெலிகிராம் குழுவில் இருந்தாள். அங்கே அறிமுகமான ஒருவன் முதலில் நாள் முழுக்க அன்பாகப் பேசினான். பிறகு, பதில் தாமதமானால் கோபித்தான். கடைசியில், "நீ பேசாவிட்டால் கையை அறுத்துக்கொள்வேன். உன் ஸ்கூல் எது என்று எனக்குத் தெரியும்" என்று எழுதினான். மூன்று வாரம் அந்தப் பிள்ளை வீட்டில் வாய் திறக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவீங்க" என்றாள்.

பள்ளி எப்படித் தெரிந்தது? அவள் போட்ட ஒரு புகைப்படத்தில் சீருடை இருந்தது.

இது சிறிய விஷயம் அல்ல. 2019இல் ஜப்பானில் ஒரு இளம் பாடகியை அவருடைய ரசிகனே வீட்டருகே தாக்கினான். பாடகி வெளியிட்ட செல்ஃபியைப் பெரிதாக்கி, அவர் கண்மணியில் பிரதிபலித்த ரயில் நிலையத்தைப் பார்த்திருக்கிறான். கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் ஒப்பிட்டு அது எந்த நிலையம் என்று கண்டுபிடித்து, அங்கே காத்திருந்து பின்தொடர்ந்திருக்கிறான்.

ஒரே பாடகரை, ஒரே கிரிக்கெட் வீரரை விரும்புவதால் குழுவில் இருப்போர் எல்லாம் சொந்தம் போலத் தோன்றும். பெரும்பாலோர் நல்லவர்களே. மனநோய் உள்ளவரெல்லாம் ஆபத்தானவர் என்று எண்ணுவதும் தவறு. நாம் கவனிக்க வேண்டியது நடத்தையை. நேசத்திலும் வெறுப்பிலும் அளவோடு இருக்கும்படி திர்மிதீயில் ஓர் அறிவிப்பு உண்டு. அளவு மீறிய புகழ்ச்சி, "என்னிடம் மட்டும் பேசு" என்ற வற்புறுத்தல், ரகசியம் காக்கச் சொல்வது, திடீர்க் கோபம், மிரட்டல் ஆகியவை அபாய அறிகுறிகள்.

பிள்ளைகளுக்கு (ஆண் பிள்ளைகளுக்கும்தான்):

1. உண்மைப் பெயர், பள்ளி, தெரு, போன் எண், முகப்படம் எதையும் குழுவில் தராதீர்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

2. எல்லை மீறினால், "பேச விருப்பமில்லை" என்று ஒரே ஒரு முறை தெளிவாகச் சொல்லுங்கள். வாதாடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்த பிறகு பிளாக் செய்யுங்கள்.

3. "செத்துவிடுவேன்" என்று ஒருவர் சொன்னால் அந்தப் பாரம் உங்களுடையது அல்ல. உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். அவர் இருக்கும் இடம் தெரிந்தால் பெரியவர்கள் 112இல் தகவல் தரலாம். மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416 இருக்கிறது.

பெற்றோருக்கு:

மிரட்டல் வந்தால் cybercrime என்று அழைக்கப்படும் இணையக் குற்றங்களுக்கான அரசுத் தளத்திலோ காவல் நிலையத்திலோ புகார் தாருங்கள். சிறுவர்களுக்கு 1098, பெண்களுக்கு 181 உதவி எண்கள். விருப்பமில்லை என்று ஒரு பெண் காட்டிய பின்பும் ஓர் ஆண் விடாமல் தொடர்புகொள்வது பாரதிய நியாய சன்ஹிதா 78ஆம் பிரிவின்படி குற்றம்; முதல் முறைக்கே மூன்றாண்டு வரை சிறை உண்டு. "மானம் போய்விடும்" என்று மறைக்காதீர்கள். மானம் போக வேண்டியது மிரட்டியவனுக்குத்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை வந்து சொல்லும்போது முதல் வார்த்தை ஏச்சாக இருக்க வேண்டாம். "சொன்னது நல்லது, நாங்க இருக்கோம்" என்று தொடங்குங்கள். அந்தத் தாய் அப்படித்தான் செய்தார். மறுநாளே புகார் கொடுத்தோம். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை இப்போது அச்சமின்றிப் பள்ளிக்குப் போகிறாள்.

இன்றிரவு சாப்பிட உட்காரும்போது, எந்தக் குழுக்களில் இருக்கிறார்கள் என்று பிள்ளைகளிடம் அன்போடு கேட்டுப் பாருங்கள். அல்லாஹ் நம் சந்ததிகளைப் பாதுகாப்பானாக! ஆமீன்.