பீரங்கியும் பொறுப்பும்

ஐதராபாத் நகரின் மேற்கே கோல்கொண்டாக் கோட்டை அமைந்துள்ளது. அதன் ‘பெட்லா புர்ஜ்’ என்னும் கொத்தளத்தில் நீண்ட பீரங்கி ஒன்று உள்ளது. ‘பதே ரஹ்பர்’ என்பது அதன் பெயர். ‘வெற்றிக்கு வழிகாட்டி’ என்பது அப்பெயரின் பொருள். 1687ஆம் ஆண்டில் முகலாயப் பேரரசர் ஔரங்கசீப் இக்கோட்டையை ஏறத்தாழ எட்டுத் திங்கள் முற்றுகையிட்டார். பீரங்கிகள் பல முழங்கியும் கோட்டை பணியவில்லை. உள்ளிருந்தோர் வாயிலைத் திறந்துவிட்ட பின்னரே அது வீழ்ந்தது.

நகரின் நடுவே ‘கன் ஃபவுண்ட்ரி’ என்னும் பகுதி உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், நிசாமின் படையில் பணியாற்றிய பிரெஞ்சுத் தளபதி ரேமண்ட் அங்குப் பீரங்கி வார்ப்பாலையை நிறுவினார். அதனால் அப்பகுதி அப்பெயர் பெற்றது.

தமிழகத்திலும் புகழ்பெற்ற பீரங்கி ஒன்று உள்ளது. தஞ்சாவூர்ப் பீரங்கி மேட்டில் உள்ள அது, நாயக்கர் காலத்தில் 17ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்டது. அதனை வார்ப்பில் ஊற்றிச் செய்யவில்லை. இரும்புப் பட்டைகளையும் வளையங்களையும் காய்ச்சி, அடித்து, இணைத்து உருவாக்கினர். கொல்லரின் கைத்திறனுக்கு அது சான்றாகும்.

பழைய பீரங்கிகளுக்குரிய கரிய வெடிமருந்து, வெடியுப்பு, கந்தகம், மரக்கரி ஆகியவற்றின் கலவையாகும். அது எரியும்போது வெண்புகை சூழும். எரிந்த பின்னரும் குழலுள் தீப்பொறி தங்கக்கூடும். அடுத்த மருந்தை இடும்போது அப்பொறி பட்டால், அருகில் நிற்போரின் உயிருக்கே கேடு நேரும். ஆதலின் ஒவ்வொரு முறை சுட்ட பின்னரும் ஈரத் துடைப்பக் கோலால் குழலைத் துடைப்பது பீரங்கிக் குழுவின் தலையாய கடமையாயிற்று.

இப்பீரங்கிகளை இன்றும் முழக்குவோர் உளர். அமெரிக்காவில் சிலர் இவற்றைச் சொந்தமாக வைத்துள்ளனர். குழுவாகக் கூடி, இலக்கை நோக்கிச் சுடும் போட்டிகளும் நடத்துகின்றனர். நம் நாட்டில், மத்தியப் பிரதேசத்தின் ராய்சேன் நகரில், இரமலான் திங்களில் நோன்பு நேரத்தை அறிவிக்க மலைக்கோட்டையிலிருந்து பழைய பீரங்கி முழக்கப்படுகிறது. மாவட்ட ஆட்சியாளரின் இசைவு பெற்றே இது நடைபெறுகிறது.

இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் பீரங்கியைத் தடைசெய்யப்பட்ட படைக்கலங்களுள் ஒன்றாகக் கொள்கிறது. எனவே, அதனைப் பொழுதுபோக்குக்காக எவரும் வாங்கிச் சுட இயலாது. கோட்டைகளில் உள்ள பீரங்கிகளோ நம் அனைவருக்கும் உரிய பொதுச்செல்வம். சுடுபவர் குழலைத் துடைக்க மறவாதிருப்பது போல, காண்பவரும் அதன்மீது பெயரைக் கீறாமலும் ஏறி நிற்காமலும் இருத்தல் வேண்டும். உரிமை உள்ள இடத்தில் பொறுப்பும் உண்டு.

சொற்பொருள்
கொத்தளம் – கோட்டை மதிலில் காவலுக்காக அமைந்த மேடை
முற்றுகை – பகைவர் கோட்டையைச் சூழ்ந்து வளைத்தல்
வார்ப்பாலை – உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றும் தொழிற்சாலை
வெடியுப்பு – வெடிமருந்தில் சேரும் ஒருவகை உப்பு
இசைவு – ஒப்புதல்

அறிந்துகொள்க
ஐரோப்பியரைக் குறித்த ‘ஃபிரங்கி’ என்னும் பாரசீகச் சொல்லிலிருந்து ‘பீரங்கி’ என்னும் சொல் வந்தது.

வினாக்கள்
1. கோல்கொண்டாக் கோட்டை எவ்வாறு வீழ்ந்தது?
2. தஞ்சாவூர்ப் பீரங்கி எம்முறையில் செய்யப்பட்டது?
3. சுட்ட பின்னர்க் குழலை ஈரக்கோலால் துடைப்பது ஏன்?
4. ‘உரிமை உள்ள இடத்தில் பொறுப்பும் உண்டு’ – நீ கண்ட ஒரு பழைய நினைவுச்சின்னத்தை எடுத்துக்காட்டி ஐந்து தொடர்களில் எழுதுக.