மோடம் மாற்றப் போகிறாயா, பாப்பா?

பாப்பா, நேற்று நீ போனில் அழாத குறையாகப் பேசியது ராத்திரி முழுக்க என் காதிலேயே இருந்தது. மீட்டிங் நடுவில் நெட் போய், திரும்ப வருவதற்குள் உன் வேலையை வேறு ஒருத்தர் எடுத்துச் சொல்லிவிட்டார் என்றாயே, அது சின்ன விஷயமில்லை. "பேசாம புது மோடம் வாங்கிடட்டுமாக்கா?" என்று கேட்டாய். வாங்கலாம். ஆனால் இங்கே மதுரை வீட்டில் மூன்று மாதம் இதே பாடுபட்டு நான் தெரிந்துகொண்டதைக் கேட்டுவிட்டு வாங்கு.

முதல் காரியம், நெட் போன அந்த நிமிஷமே மோடத்தின் விளக்குகளைப் பார். நம் வழக்கம் என்ன? உடனே ஆஃப் பண்ணி ஆன் பண்ணிவிடுகிறோம். அப்புறம் என்ன கோளாறு என்றே தெரியாமல் போய்விடும். எல்.ஓ.எஸ். என்று எழுதியிருக்கும் விளக்கு சிவப்பாக மின்னினால், ஃபைபர் வழியாக வர வேண்டிய ஒளி உன் வீட்டுக்கே வந்து சேரவில்லை என்று அர்த்தம். எங்கள் தெருவில் இதற்குப் பாதி நேரம் காரணம் அணில்தான். மாமரத்தை ஒட்டிப் போகும் ஒயரைக் கடித்து வைத்துவிடும். தென்னை மட்டை விழுந்தும் அறுந்திருக்கிறது. அதற்கு எத்தனை ஆயிரம் கொடுத்து மோடம் மாற்றினாலும் பிரயோஜனமில்லை, லைன்மேன் வந்து ஒயரைத்தான் பார்க்க வேண்டும். பான் என்று எழுதியிருக்கும் விளக்கு அசையாமல் பச்சையாக இருந்து, இன்டர்நெட் விளக்கு மட்டும் அணைந்தோ சிவந்தோ கிடந்தால் லாகின் சிக்கல், இல்லையென்றால் ரீசார்ஜ் முடிந்திருக்கும். கம்பெனிக்குப் போன் போடு.

எல்லா விளக்கும் மொத்தமாக அணைந்து, மறுபடி ஒவ்வொன்றாக எரிந்தால்? மோடம் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். சாயங்காலம் பசங்களின் வகுப்பு வீடியோ, மாமாவின் லேப்டாப், ஹாலில் டிவி மூன்றும் ஓட ஆரம்பித்ததும் பொசுக்கென்று அணையும். பார்க்க வந்தவர் மோடம் போய்விட்டது என்றார். 1,800 ரூபாய் கொடுத்துப் புதுசு போட்டேன். அவர் பழைய அடாப்டரையே அதில் சொருகிவிட்டுப் போனார். மறுநாள் சாயங்காலம் பழையபடி அணைந்தது. அப்போதுதான் அடாப்டரைத் தொட்டுப் பார்த்தேன், கை வைக்க முடியவில்லை. பின் நுழையும் இடத்தில் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. அதன் மேல் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. மோடத்தைக் கவிழ்த்துப் பார்த்தால் 12 வோல்ட், 1.5 ஆம்பியர். பழைய மோடத்தின் அடியிலும் அதேதான். எப்போதோ இடி மின்னலில் அடாப்டர் போனபோது கைக்குக் கிடைத்ததை வாங்கி மாட்டியிருக்கிறோம். 250 ரூபாய்க்குச் சரியான அடாப்டர் வாங்கினேன், அன்றோடு நின்றது.

அதனால் நீ முதலில் அடாப்டரைப் பார். வோல்ட் அச்சு அசலாக அதே எண்ணாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. பின் ஆடாமல் இறுக்கமாக உட்கார வேண்டும். கரண்ட் கட்டுக்காக வாங்கிய குட்டி யு.பி.எஸ். இருந்தால் அதை இரண்டு நாள் கழற்றி வைத்துப் பார், அதன் பேட்டரி தளர்ந்துபோனாலும் இதே தொல்லைதான்.

அடாப்டர் சரியாக இருந்தும் நெட் திக்குகிறது என்றால், லேப்டாப்பை லேண் ஒயரில் நேராக மோடத்தில் சொருகி ஒரு நாள் வேலை பார். ஒயரில் தங்குதடையின்றி வந்து வைஃபையில் மட்டும் மக்கர் பண்ணினால், லைன் நன்றாகத்தான் இருக்கிறது. நீ மோடத்தை ஷோகேஸ் உள்ளே, டிவிக்குப் பின்னால் வைத்திருக்கிறாய். போன தடவை வந்தபோதே பார்த்தேன். அங்கிருந்து உன் ரூமுக்கு இரண்டு செங்கல் சுவர், நடுவில் இரும்பு பீரோ. வெளியே எடுத்துத் தலைக்கு மேல் உயரத்தில் வை. அந்தக் கண்ணாடிக்குள் அடைத்து வைத்தால் சூடும் வெளியே போகாது. பெரும்பாலான மோடம்களை 40 டிகிரி வரை தாங்கும்படிதான் செய்கிறார்கள், நம் ஊர் மே மாத மத்தியானத்தை நினைத்துப் பார்.

இன்னொன்று, உன் மோடம் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் தருகிற பழைய ரகமா என்று பார்த்துக்கொள். அந்த அலைவரிசை சுவரைத் தாண்டிப் போகும், ஆனால் ஃப்ளாட்டில் சுற்றியிருக்கும் எல்லார் வீட்டு வைஃபையும் அதில் வந்து முட்டிக்கொள்ளும். மைக்ரோவேவ் ஓடினாலும் தடுமாறும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமாக வரும், நெரிசல் குறைவு, சுவர்தான் அதற்கு ஆகாது. பழைய ரகம்தான் என்றால் யோசிக்காமல் மாற்று, இரண்டும் உள்ள டூயல் பேண்டாகக் கேள். அந்தக் காசு வீண் போகாது.

ஒயரில் போட்டும் மெதுவாக இருந்தால் காலை ஆறு மணிக்கு ஒரு முறை, ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு முறை ஸ்பீடு டெஸ்ட் எடுத்து எழுதி வை. ராத்திரி மட்டும் படுத்துவிடுகிறது என்றால் பெரும்பாலும் அது கம்பெனி பக்கத்து நெரிசல். தெருவுக்கு வரும் ஒரே ஃபைபரைப் பிரித்து 32 வீடு, சில இடங்களில் 64 வீடு பங்கு போட்டுக்கொள்கின்றன. மோடம் மாற்றி அதைத் தீர்க்க முடியாது. எழுதி வைத்த எண்களோடு புகார் கொடு.

எனக்கு ரொம்ப உதவியது ஒரே ஒரு எண். பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் பெரும்பாலான மோடம்களில் அதன் பக்கம் திறக்கும். உள்ளே ஆர்.எக்ஸ். பவர் என்று மைனஸ் போட்டு ஒரு எண் இருக்கும். மைனஸ் 20, 22 என்றால் நிம்மதியாக இரு. மைனஸ் 27-ஐ நெருங்கினாலோ தாண்டினாலோ ஒயரிலோ இணைப்பிலோ கோளாறு. அந்த எண்ணைச் சொல்லிப் புகார் கொடுத்துப் பார், "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க மேடம்" என்று போனை வைக்க மாட்டார்கள். ஃபைபர் ஒயரை மட்டும் நீயாகக் கழற்றாதே. முனையில் விரல் பட்டால் அந்த அழுக்கே சிக்னலைக் குறைக்கும். முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்கவும் கூடாது, அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாத லேசர். குழந்தைக்கும் எட்டாமல் வை.

இத்தனையும் பார்த்த பிறகும், அடாப்டர் சரி, அந்த எண் சரி, ஒயரில் போட்டாலும் அறுந்து அறுந்து வருகிறது என்றால் அப்போது மோடத்தின் மேல் சந்தேகப்படு. அப்போதும் உடனே வாங்காதே. லைன்மேனிடம் இருக்கும் மோடத்தை ஒரு நாள் மாட்டிப் பார்க்கச் சொல். நன்றாக வந்தால் மாற்று. ஆன்லைனில் ஆர்டர் போட்டு நீயே சொருகிவிடலாம் என்று மட்டும் நினைக்காதே. ஃபைபர் மோடத்தின் சீரியல் நம்பரைக் கம்பெனி தன் பக்கம் பதிவு பண்ணினால்தான் அது லைனில் சேரும். எந்த மாடல் தங்கள் லைனில் வேலை செய்யும் என்று கேட்டுவிட்டு வாங்கு. உன் மோடம் டெபாசிட்டில் கொடுத்ததாக இருந்தால், இலவசமாக மாற்றித் தரச் சொல்லிக் கண்டிப்பாகக் கேள்.

மோடம் மாற்ற ஆள் வருவதற்கு முன்னால் பழைய மோடத்தின் முன்பக்கம், பின்பக்கம், எந்த ஒயர் எதில் என்று போட்டோ எடு. லாகின் பெயரும் பாஸ்வேர்டும் கம்பெனியிடம் கேட்டு எழுதி வை. புதுசிலும் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையுமே எழுத்துக்கு எழுத்து அப்படியே போடச் சொல். பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறக் கூடாது. அப்படிப் போட்டால் அத்தை போன், டிவி, வாசல் கேமரா எல்லாம் தானாகவே சேர்ந்துகொள்ளும். நான் இதைச் செய்யாமல் விட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒவ்வொன்றாக உட்கார்ந்து சேர்த்தேன். கேமரா மட்டும் பெரும்பாலும் 2.4-இல்தான் வேலை செய்யும், அந்த அலைவரிசையை அணைத்துவிட வேண்டாம் என்று வருபவரிடம் சொல்லிவிடு.

அவர் கிளம்புவதற்கு முன் உன் ரூமிலிருந்து எனக்கு வீடியோ கால் போடு, பத்து நிமிஷம் பேசுவோம். மோடம் பக்கத்துக்குள் போகும் அட்மின் பாஸ்வேர்டையும் அப்போதே மாற்றிவிடு. பழைய மோடத்தை அவர்கள் எடுத்துப் போவதாக இருந்தால், பின்னால் உள்ள குட்டித் துளையில் ஊக்கு முனையை விட்டுப் பத்து வினாடிக்கு மேல் அழுத்தி ரீசெட் பண்ணிக் கொடு. அடாப்டரோடு பெற்றுக்கொண்டதாகச் சீரியல் நம்பர் போட்டு ரசீது வாங்காமல் மோடத்தைக் கொடுக்காதே, நாளைக்கு டெபாசிட் கேட்கும்போது அந்தக் காகிதம்தான் வேண்டும். அதைப் போட்டோ எடுத்து எனக்கும் அனுப்பி வை.