சுரங்கக் கழிவு மேட்டில் சோதனைக் கிணறு அமைத்தல்

சுரங்கம் வெட்டும் இடங்களில் வேண்டிய கனிமத்தை எடுத்தபின், வேண்டாத மண்ணையும் கல்லையும் ஒருபுறமாகக் குவித்து வைப்பது வழக்கம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியின் மேல் கிடந்த மண் இவ்விதம் குன்றுகளாக எழுந்து நிற்பதைப் பலரும் பார்த்திருக்கக்கூடும். இத்தகைய மேடுகளின் மேல் விழும் மழை முழுவதும் வழிந்தோடிவிடுவதில்லை. ஒரு பகுதி உள்ளிறங்கிக் கற்களிடையே நெடுநாள் தங்கிப் பின்னர் நிலத்தடி நீருடன் கலக்கிறது. கழிவுக் கல்லில் இரும்பும் கந்தகமும் கூடிய பைரைட் என்னும் கனிமம் இருக்குமாயின், காற்றும் நீரும் பட்டு அது கந்தக அமிலத்தைத் தோற்றுவிக்கும். அவ்வமிலம் இரும்பு, துத்தநாகம் முதலிய உலோகங்களைக் கரைத்துக்கொண்டு செல்லும். எல்லா மேடுகளும் இப்படிப்பட்டவை அல்ல. சுண்ணாம்புக்கல் மிகுந்த மேட்டில் அமிலம் தணிந்துவிடும். எந்த மேடு எத்தகையது என்பதை வெளித்தோற்றம் கொண்டு கூற இயலாது. ஆதலின் சோதனைக் கிணறு இன்றியமையாததாகிறது.

நிலத்தடி நீர் மேட்டை வந்தடையும் புறத்தில் ஒரு கிணறும், மேட்டைக் கடந்து செல்லும் புறத்தில் இரண்டுக்குக் குறையாமலும், மேட்டிலேயே தேவைக்கேற்பவும் அமைத்தல் நலம். முதற் கிணறு இல்லையேல், கெடுதல் மேட்டிலிருந்து வந்ததா, முன்னமே நீரில் இருந்ததா என்ற வழக்கு ஒருநாளும் தீராது. நீர் செல்லும் திசையை அறியவும் ஒரே நேர்க்கோட்டில் அமையாத மூன்று கிணறுகளின் நீர்மட்டமாவது வேண்டும்.

வயலில் ஆழ்துளைக் கிணறு இறக்குவதைப் போன்றதன்று இவ்வேலை. மேடு இறுகாத மண். துளையிட்டவுடன் சரிந்து மூடிக்கொள்ளும். தண்ணீர் பாய்ச்சித் துளைத்தால் அது கல்லிடுக்குகளில் மறைந்துபோவதுடன், சோதிக்க வந்த நீரையே மாற்றிவிடும். களிமண் குழம்பு இட்டால் நீர் வரும் கண்கள் அடைபடும். எனவே, காற்றழுத்தத்தால் துளைத்துக்கொண்டே இரும்பு உறைக்குழாயையும் உடன் இறக்கிச் செல்வது ஏற்ற முறை. ஒன்று அல்லது ஒன்றரை மீட்டருக்கு ஒரு முறை வெளிவரும் மண்ணை எடுத்து, நிறம், ஈரம், கல்லின் அளவு ஆகியவற்றை ஆழத்துடன் குறித்து வைத்தல் வேண்டும். மேட்டின் அடியில் களிமண் படுகை இருப்பின் அதைத் துளைத்துச் செல்லலாகாது. துளைத்தால், அதுவரை நல்ல நீரைக் காத்துவந்த படுகையில் நாமே ஒரு வாசல் திறந்தவர்களாவோம்.

உள்ளே நிலைத்து நிற்கவேண்டிய குழாய் பி.வி.சி.யாக இருத்தல் நன்று. அமில நீரில் சாதாரண இரும்பு அரித்துப்போகும். குழாய்த் துண்டுகளைப் பசையிட்டு ஒட்டாமல் மரையால் பொருத்தவேண்டும். பசையின் இரசாயனம் நீர் மாதிரியில் கலந்துவிடும். நீர் புகும் பகுதியில் மெல்லிய கீறல்கள் உள்ள சல்லடைக் குழாயை வைத்து, சுற்றிலும் கழுவிய சிலிக்கா மணலை இடுக. கிளிஞ்சல் கலந்த மணல் உதவாது. அது அமிலத்தைத் தணித்து நீரின் குணத்தை மறைத்துவிடும். மணலின் மேல் சுமார் ஒரு மீட்டர் உயரத்திற்குப் பெண்டோனைட் களிமண்ணும், அதன்மேல் சல்பேட்டைத் தாங்கும் சிமெண்டுக் குழம்பும் இட்டு அடைத்தால் மழைநீர் நேரே கீழிறங்காது. இவற்றை இடும்போதே உறைக்குழாயைச் சிறிது சிறிதாக மேலே இழுத்துவரவேண்டும். இறுதியில் பூட்டுள்ள மூடி பொருத்துதல் வேண்டும். மேடு நாளடைவில் அமிழக்கூடியதாதலின், குழாய் வளைந்துள்ளதா என்று அவ்வப்போது பார்த்தலும் அவசியம்.

காற்றால் நேரும் அபாயத்தைச் சற்று விரிவாகக் கூறவேண்டியிருக்கிறது. கனடாவில் கிம்பர்லி நகரை அடுத்த சல்லிவன் ஈயத் துத்தநாகச் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. அதன் கழிவு மேட்டின் அடிவாரத்தில் கசிவு நீரைச் சோதிப்பதற்கு ஒரு சிறு கொட்டகை இருந்தது. 2006 மே மாதத்தில் அங்கு நீர் மாதிரி எடுக்கச் சென்றவர் மாண்டார். அவரைத் தேடிச் சென்ற சுரங்க ஊழியரும், பின்னர்க் காப்பாற்ற விரைந்த ஆம்புலன்ஸ் பணியாளர் இருவரும் உயிரிழந்தனர். பைரைட் அமிலமாக மாறும்போது மேட்டினுள் இருக்கும் காற்றின் ஆக்ஸிஜனை உண்டுவிடுகிறது. வெளிக்காற்று வெப்பமாக இருக்கும் வேளையில், உள்ளிருக்கும் குளிர்ந்த காற்று கனத்து அடிவாரத்தில் வெளியேறுகிறது. வழக்கமாக 21 சதவீதம் இருக்கவேண்டிய ஆக்ஸிஜன் அக்கொட்டகையில் சுமார் 2 சதவீதமே இருந்தது. நிறமில்லை, மணமுமில்லை! பாழுங்கிணற்றில் விளக்கை இறக்கிப் பார்க்கும் நம் பழைய வழக்கம் அறிவுடையதே. எனினும் இங்கு ஆக்ஸிஜன் அளக்கும் கருவியே வேண்டும். கிணற்று மூடியைத் திறப்பவர் காற்று வரும் திசையில் விலகி நிற்கவேண்டும். பள்ளத்திலோ மூடிய அறையிலோ தனியே நுழைதல் கூடாது.

மாதிரி எடுக்குமுன் குழாயில் தேங்கிய நீரைப்போல மூன்று மடங்கு இறைத்துவிடுவது முறை. 50 மில்லிமீட்டர் குழாயில் 10 மீட்டர் நீர் நின்றால் அது ஏறத்தாழ 20 லிட்டர். ஆகவே 60 லிட்டர் இறைக்கவேண்டும். பரிசோதனை முடிவில் அமிலத்தன்மையை மட்டும் பார்த்து நிம்மதி அடையலாகாது. கல்லில் உள்ள சுண்ணாம்பு தீரும்வரை அமிலம் வெளிப்படாது. ஆனால் சல்பேட் முன்னதாகவே ஏறத் தொடங்கும். குடிநீரில் சல்பேட் லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருத்தல் நலம் என்றும், வேறு நீர் கிட்டாவிடில் 400 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. அளவு 200-ஐ எட்டாவிடினும் ஆண்டுதோறும் உயர்ந்துவருமாயின் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் அதைக் கேள்வியாக எழுப்பலாம். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி அனுமதி பெற்ற சுரங்கங்கள், நிபந்தனைகளை நிறைவேற்றியது குறித்து ஆறு மாதத்திற்கு ஒருமுறை அறிக்கை தரக் கடமைப்பட்டவை. அவ்வறிக்கையில் உள்ள கிணற்று அளவுகளைக் கேட்டுப் பெற்று, கிணறுவாரியாக ஒரே நோட்டில் ஆண்டு வரிசைப்படி எழுதி, கிராம சபையில் வாசிக்கச் செய்யலாம்.